வீடே பள்ளியானால்

பிள்ளைக்கு முதல் ஆசிரியர் தாயார் என்று சொல்வது நம்மவர் வழக்கம். சொல்லிவிட்டு, ஐந்து வயது நிரம்பியதும் பிள்ளையைக் கைபிடித்துச் சென்று பாடசாலை வாயிலில் விட்டுவிடுகிறோம். அதன்பின் தாயாரின் பணி, உணவு கட்டிக் கொடுப்பதும் வீட்டுப்பாடம் முடிந்ததா என்று வினவுவதுமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த வாயிலை மிதியாமலே, எழுத்து முதல் கணிதம், விஞ்ஞானம் ஈறாக அனைத்தையும் வீட்டிலேயே பெற்றோர் கற்பிக்கும் குடும்பங்களும் உலகில் உள. ஐக்கிய அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டளவில் ஐம்பது மாநிலங்களும் இம்முறைக்கு இடமளித்துவிட்டன. 2019இல் எடுக்கப்பட்ட அரசாங்கக் கணக்கின்படி, அந்நாட்டில் பள்ளி செல்லும் வயதினருள் நூற்றுக்கு மூவர் அளவில் இவ்வாறு கற்றனர். அவர்களுள் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் பெருந்தொகையினர். விசுவாசத்தையும் கல்வியையும் ஒரே மேசையில் வைத்து ஊட்டவேண்டும் என்பதே அப்பெற்றோரின் விருப்பம்.

இவ்வாறு வளரும் ஒரு மாணவனின் வாழ்வும் வருங்காலமும் எங்ஙனம் அமையும்? இன்று கற்கின்ற பிள்ளைகளைக் கொண்டு இதற்கு முழு விடை கூறல் இயலாது. அவர்களின் வாழ்வு இன்னும் முன்னே கிடக்கின்றது. ஆதலின் தொடக்கமும் முடிவும் நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்துப் பார்ப்பதே தக்கது. நாம் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த வீடொன்றில் வளர்ந்தவர். ஆகவே, வெஸ்லி என்னும் பெயர் எமக்குச் சிறுவயது முதலே பழக்கமானது. ஜோன் வெஸ்லியின் பிரசங்கங்களைப் பற்றிப் பெரியோர் அதிகம் பேசுவர். எம் மனத்தில் தங்கியதோ, அவருடைய தாயார் நடத்திய வீட்டுப்பள்ளி.

ஆங்கில நாட்டின் லிங்கன்சயர் பகுதியில் எப்வேர்த் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர் ஆலயத்தின் குருவானவர் சாமுவேல் வெஸ்லி. அவர் துணைவியார் சுசன்னா. பிறந்த பிள்ளைகள் பத்தொன்பதின்மர். வளர்ந்து ஆளானோர் பதின்மரே. வறுமைக்குக் குறைவில்லை. 1705இல் குருவானவர் கடனுக்காகச் சிறையிருக்கவும் நேர்ந்தது. இந்நிலையில்தான் அவ்வம்மையார் நாள்தோறும் காலையில் மூன்று மணி நேரமும் பிற்பகலில் மூன்று மணி நேரமும் தம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். தொடக்கத்திலும் முடிவிலும் சங்கீதம் பாடப்பட்டது.

பிள்ளைக்கு ஐந்து வயது நிறையும் வரையில் எழுத்துக் கற்பிப்பதில்லை. நிறைந்த மறுநாளே பாடம் தொடங்கும். எழுத்துகள் முழுவதையும் கற்க ஒரே நாள்தான் தவணை. இருவர் மட்டும் ஒன்றரை நாள் எடுத்தனராம். எழுத்து அறிந்ததும் பாலர் பாடம் இல்லை, படப் புத்தகம் இல்லை. ஆதியாகமத்தின் முதல் வசனமே முதற் பாடம். அதைத் தட்டுத் தடையின்றி வாசித்த பின்னரே இரண்டாம் வசனம். மாசி மாதத்தில் இவ்வாறு தொடங்கிய மூத்த மகன், பெந்தெகொஸ்தே திருநாள் வருமுன்னரே ஓர் அதிகாரத்தைச் செவ்வையாக வாசித்தான் என அம்மையார் எழுதியுள்ளார்.

எழுத்தினும் மேலாக ஒழுக்கத்துக்கு அவ்வீட்டில் விதிகள் இருந்தன. குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்கு அடி கிடையாது. ஒரு குற்றத்துக்கு இருமுறை தண்டனை கூடாது. ஒருவர் பொருள் ஒரு காசோ ஒரு குண்டூசியோ ஆயினும் மற்றவர் கேளாமல் தொடலாகாது. கொடுத்த வாக்கு நிறைவேற வேண்டும். நன்றாக வாசிக்கத் தெரியும் வரையில் எந்தப் பெண்பிள்ளையையும் வீட்டுவேலைக்கு ஏவக்கூடாது. முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இக்கடைசி விதியை எழுதிச் சுவரில் ஒட்டவேண்டிய வீடுகள் இன்றும் உள்ளன அல்லவா? இவ்வம்மையார் கூறியவை யாவும் நமக்கு உடன்பாடல்ல. ஒரு வயதுக் குழந்தையும் பிரம்புக்கு அஞ்சி மெல்ல அழப் பழக வேண்டும் என்றார் அவர், இக்காலத்துத் தாய்மார் அதனை ஏற்கமாட்டார், ஏற்கவும் வேண்டியதில்லை.

1709இல் குருமனை தீக்கிரையாயிற்று. ஐந்து வயதுச் சிறுவனான ஜோனை மேல்மாடி யன்னல் வழியாக அயலவர் மீட்டனர். வீடு மீண்டும் எழும்பும் வரையில் பிள்ளைகள் பல இல்லங்களில் தங்க, பழைய ஒழுங்குகள் குலைந்தன. அம்மையார் சோர்ந்துவிடவில்லை. கிழமையில் ஒவ்வொரு நாள் மாலையையும் ஒவ்வொரு பிள்ளைக்கென ஒதுக்கி, தனித்திருந்து உரையாடத் தொடங்கினார். வியாழன் ஜோனுக்கு, சனி சாள்ஸுக்கு. பிற்காலத்தில் ஒக்ஸ்போட்டில் ஆசிரியராக விளங்கியபோதும், அந்த வியாழன் மாலையின் சிறு பங்கேனும் தமக்கு வேண்டுமென்று ஜோன் தாயாருக்கு எழுதினார். கற்ற இலக்கணம் மறந்துபோகலாம். தனக்கென ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிய தாயை மகன் மறப்பதில்லை.

இவ்வீட்டின் பயன் யாது? ஆண்மக்களைப் பார்ப்போம். ஜோன் 1714இல் லண்டனிலுள்ள சாட்டர்ஹவுஸ் பள்ளிக்கும், 1720இல் ஒக்ஸ்போட்டுக்கும் சென்றார். சாள்ஸ் 1716இல் வெஸ்ட்மினிஸ்டர் பள்ளியிற் சேர்ந்து, தாமும் ஒக்ஸ்போட்டை அடைந்தார். அங்கே சகோதரரும் நண்பரும் நேரம் வகுத்துப் படித்து, செபித்து, சிறைப்பட்டோரைச் சென்று கண்டபோது, ஒழுங்குமுறைக்காரர் என்னும் பொருளில் மற்றவர் இட்ட கேலிப்பெயரே மெதடிஸ்த. அந்த ஒழுங்கு எப்வேர்த் மேசையிற் பழகியது என்றால் மிகையாகாது. சாள்ஸ் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஞானப்பாடல்களை இயற்றினார்.

இனிப் பெண்மக்களைப் பார்ப்போம். ஹெற்றி என அழைக்கப்பட்ட மெஹெற்றபெல் எட்டு வயதிலேயே புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மொழியில் வாசித்தாள், கவிதையும் புனைந்தாள். சகோதரருக்குக் குறையாத அறிவு, அதே மேசை, அதே தாய். ஆயினும் அவளுக்குச் சாட்டர்ஹவுஸ் இல்லை, ஒக்ஸ்போட் இல்லை. அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கியது 1920இலேதான். காதலில் ஏமாற்றமும் தந்தையின் சினமும் சேர, 1725இல் ஈயக்குழாயும் கண்ணாடியும் பொருத்தும் தொழிலாளி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். தொழில் இழிவன்று, மனம் ஒவ்வாமையே துயரம். பெற்ற குழந்தைகளையும் இழந்து, 1750இல் மறைந்தாள். அவளுக்கு இரக்கங் காட்டவேண்டுமென்று 1726இல் ஜோன் பிரசங்கஞ் செய்து தந்தையின் மனத்தாங்கலுக்கு ஆளானார். மூத்த சகோதரி எமிலியாவோ பிள்ளைகளுக்குக் கற்பித்தே பிழைத்தாள். கேயின்ஸ்பரோ என்னும் ஊரில் தானே ஒரு பள்ளியும் நடத்தினாள்.

ஒரே வீட்டுக் கல்வி இருவேறு வாழ்வாகப் பிரிந்தது ஏன்? கல்வியில் வேறுபாடில்லை, வாயிலில்தான் வேறுபாடு. ஆண்மக்களுக்கு வீட்டுக்கு அப்பால் ஒரு வாயில் திறந்தது, பெண்மக்களுக்குத் திறக்கவில்லை. வீடு ஒரு மாணவனுக்கு மொழி, மனச்சாட்சி, நேர ஒழுங்கு, செப வாழ்வு ஆகிய அடித்தளத்தை இடக்கூடும். பள்ளிக்கூடம் பல வேளைகளில் இவற்றை இவ்வளவு ஆழமாக இடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால், வருங்காலம் வீட்டுக்குள் இல்லை. வீடு தந்ததை எடுத்துச் செல்ல வெளியில் ஓர் இடம் வேண்டும்.

எம் உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில், தம் பிள்ளைகளை வீட்டிலேயே கற்பிக்கப் போவதாகக் கூறி எமது கருத்தைக் கேட்டிருந்தார். நாம் தடை சொல்லவில்லை. சில வினாக்களையே எழுதினோம். பிள்ளையின் படிப்பைப் பெற்றோர் அல்லாத ஒருவர் காலத்துக்குக் காலம் சோதித்துப் பார்ப்பாரா? பல்கலைக்கழகத்தின் வாயிலை எந்தச் சான்றிதழைக் கொண்டு தட்டுவான்? மகனுக்குப் போலவே மகளுக்கும் விஞ்ஞானமும் கணிதமும் உண்டா? தன் விசுவாசத்தைச் சாராத பிள்ளைகளோடு விளையாடி, அவர்களை மதிக்கப் பழகுவானா? வாயில்கள் இல்லாமலில்லை. வீட்டிற் கற்றோரைப் பெரிதும் கருத்திற்கொண்டே 2000ஆம் ஆண்டில் வெர்ஜீனியாவில் பற்றிக் ஹென்றி கல்லூரி தொடங்கப்பட்டது; வேறு பல்கலைக்கழகங்களும் அத்தகையோரை ஏற்கின்றன. ஆயினும் தம்மோடு ஒத்தவர்களையே கண்டு வளர்ந்த பிள்ளை, ஒவ்வாதவரை முதன்முதலாகக் காணும் நாளில் திகைத்து நிற்பான். உலகத்துக்கு அஞ்சிக் கதவை மூடுவது வேறு. உலகத்துக்கென ஆயத்தஞ் செய்யச் சில காலம் கதவைச் சாத்துவது வேறு. 1711ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கணவர் லண்டன் சென்றிருந்த வேளையில், சுசன்னா அம்மையார் பிள்ளைகளுக்கென நடத்திய ஞாயிறு மாலைச் செபத்துக்கு அயலவர் வந்து சேர்ந்து, ஈற்றில் இருநூறு பேர் வரை கூடினர். அவ்வீட்டின் கதவு மூடிய கதவன்று.

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என 2016இல் விதிக்கப்பட்டது. எனவே எப்வேர்த் முறையை நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால், மாலைப்பொழுது நம்முடையதன்றோ? அதனையும் ரியூசன் வகுப்புகளுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளை களைத்து வந்து படுக்கும் வேளையில் அவன் முகத்தைப் பார்க்கிறோம். கிழமையில் ஒரு மாலை, அரைமணி நேரம், ஒரு பிள்ளைக்கென்றே ஒதுக்கிப் பேசும் பெற்றோர் நம்முள் எத்தனை பேர்? அதற்குப் பணம் வேண்டா, பட்டமும் வேண்டா. கிறிஸ்தவர் வேதாகமத்தை வைத்துச் செய்யட்டும். சைவர் தேவாரத்தை வைத்துச் செய்யட்டும்.

1814இல் மெதடிஸ்த மிசனரிமார் இலங்கைக் கரையில் இறங்கினர். அவர்கள் யாழ்ப்பாணத்தில் 1838இல் தொடங்கிய பெண்பள்ளியே இன்று வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலையாக விளங்குகிறது. எப்வேர்த் வீட்டில் ஹெற்றிக்குத் திறவாத வாயில், அவ்வீட்டு மைந்தரின் வழிவந்தோரால், அவள் கண்டறியாத ஒரு கரையிலே நம் பாட்டிமாருக்குத் திறந்தது. மாணவ மாணவியரே, வீட்டில் கற்றதை வெளியே கொண்டு செல்லுங்கள். வெளியே கற்றதை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.