பத்துச் சுற்று

பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு ரிவிட் ஓட்டைகள்தான் இருந்தன. "லண்டன் மெசின், கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்று சொல்லித் திருச்சியில் ஒரு தரகர் விற்றிருந்தார். கண்ணைத் திறந்து பார்ப்பதற்காக அரியலூரிலிருந்து பெரியவர் ஒருவரை வரவழைத்திருந்தார் பட்டறைக்கார அண்ணன். நானும் அன்றைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

பெரம்பலூரை ஒட்டிய கிராமம். மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தில் ஒரு லேத்து, ஒரு டிரில்லிங் மெசின், வெல்டிங் செட். சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும். கொஞ்சம் தள்ளிப் போனால் கல் குவாரி. சோளம் அடிக்கும் மெசினின் ஷாஃப்ட் தேய்ந்தாலும், கிரஷர் புல்லி ஆடினாலும் இங்கேதான் வரும். ஷாஃப்ட்டை லேத்தில் கடைந்துவிடலாம். புல்லியைப் பிடித்து நிறுத்தும் சாவி உட்காருவதற்கான பள்ளம், அதாவது கீவே, அங்கேதான் இடிக்கிறது.

"ஒரு கீவே போட அறுபது கிலோமீட்டர் திருச்சிக்குப் போயி, அங்க வரிசையில காத்துக் கிடந்து, பொழுது சாய வரணும். கூலியைவிட பஸ்ஸும் டீயும் அதிகம்ங்க" என்றார் அண்ணன்.

லேத்தில் வேலை சுழலும், டூல் நிற்கும். மில்லிங்கில் கட்டர் சுழலும், வேலையைத் தாங்கிய டேபிள் மெல்ல நகர்ந்துபோய் அதற்கு முகம் கொடுக்கும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் அவர் கடன் வாங்கி இந்தப் பழைய மில்லிங் மெசினை எடுத்திருந்தார்.

பெரியவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் மெசின் ஷாப்பில் இருந்து ஓய்வுபெற்றவர். அந்த வட்டாரத்தில் சிமெண்டுக்குக் கதை நீளம். டால்மியாபுரத்தில் 1939இலும், அரியலூரில் அரசு ஆலை 1979இலும் தொடங்கின. பிறகு வரிசையாகத் தனியார் ஆலைகள் வந்தன. சுண்ணாம்புக்கல்லை அரைக்கிற ஊரில் தேயாத இரும்பு கிடையாது. தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் அங்கேதான் உருவாகிறார்கள்.

அவர் மெசினின் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. நேராக 13, 19 நம்பர் ஸ்பேனர்களை வாங்கி போல்ட்டுகளில் வைத்துப் பார்த்தார். எதுவும் உட்காரவில்லை. ஒரு போல்ட்டைக் கழற்றி மரையைக் கேஜில் பொருத்தினார்: அரை இன்ச், இன்ச்சுக்குப் பன்னிரண்டு மரை. "விட்வொர்த். சீமைச் சரக்குதான் தம்பி, தரகர் பொய் சொல்லலை." 1953இல் பெங்களூரில் மெசின் செய்யும் எச்.எம்.டி. தொடங்கும் வரை இந்தியப் பட்டறைகளுக்கு மில்லிங் மெசின்கள் பெரும்பாலும் கப்பலில்தான் வந்தன. கட்டரை மாட்டும் தண்டான ஆர்பரை வெர்னியரில் பிடித்தார்; 25.4 மி.மீ. அதுவும் ஒரு இன்ச்.

அடுத்து டேபிளை ஓரத்துக்கு ஓட்டி, அதன் அடியில் மறைந்திருந்த வழுக்குத் தடத்தைத் துணியால் துடைத்தார். ஓரங்களில் பிறைநிலா போலச் சிறு சிறு சுரண்டல் தடங்கள் தெரிந்தன. எண்ணெய் தங்குவதற்காக யாரோ ஒரு கைவினைஞன், எந்தக் காலத்திலோ, கையால் போட்டவை. நடுவில் அவை மழுங்கிப்போய்க் கண்ணாடியாகப் பளபளத்தன. "ஆயுசு பூரா நடுவுலயே வேலை பாத்திருக்கானுங்க. கிப்பை, அதான் ஆட்டத்தை அடக்குற தகட்டை, நடுவுக்குத் தகுந்த மாதிரி இறுக்கினா ஓரத்துல டேபிள் சிக்கும். கொஞ்சம் லூசாத்தான் விடணும்."

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். கைப்பிடி டயலில் 200 கோடுகள். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 0.200 இன்ச். பெரியவர் டேபிளில் ஒரு கோடு கீறி, கைப்பிடியைப் பத்துச் சுற்று சுற்றச் சொல்லி அளந்தார். 50.8 மி.மீ.; சரியாக இரண்டு இன்ச். குறுக்கு நகர்வுக்கும் அதேபோல் 200 கோடு, அதே பத்துச் சுற்று. வெர்னியர் 50 என்றது. மறுபடி சுற்றினார். மறுபடியும் 50.

அவர் சிரித்துவிட்டார். என்றோ குறுக்கு ஸ்க்ரூ தேய்ந்து, யாரோ ஐந்து மி.மீ. புரியில் புதுசு கடைந்து போட்டிருக்கிறார்கள். டயலை மட்டும் மாற்றவில்லை. இந்தியா 1956இல் சட்டம் போட்டு, 1962க்குள் மெட்ரிக்குக்கு மாறியது. இந்த மெசினில் பாதி மாறியிருந்தது. ஒரு கோட்டுக்கு ஒரு பக்கம் 0.0254 மி.மீ., மறுபக்கம் 0.025. கண்ணுக்கும் கைக்கும் பிடிபடாத வித்தியாசம். ஆனால் இன்ச் என்றே நம்பி இருபது சுற்று ஓட்டினால் 1.6 மி.மீ. பிழை; பட்டறைக் கணக்கில் அரை நூல். கீவேக்கு அது உறைக்காது. கியர் பாக்ஸ் மூடியில் துளை எடுத்தால் போல்ட் இறங்காது, குற்றம் டிரில்லின் மேல் விழும்.

அண்ணனின் முகம் வாடியது. "திருப்பிக் குடுத்துடலாமா மாமா?"

"எதுக்கு? தெரிஞ்ச கோளாறு கோளாறே இல்ல. பெயிண்ட் எடுத்துட்டு வா."

மெசினை உட்கார வைப்பதற்குள் மதியமாகிவிட்டது. செயின் பிளாக்கில் தூக்கி, நாலு மூலையிலும் தகடு செருகினார்கள். ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. சரிவைக்கூடக் குமிழில் காட்டும் மட்டம் இரவல் வந்திருந்தது. கொத்தனார் மட்டம் இதற்கு ஆகாது. கரண்ட்தான் அடுத்த தலைவலி. கொட்டகையில் ஒற்றை பேஸ், மோட்டாரோ மூன்று பேஸ். ஒற்றை பேஸை மூன்றாக மாற்றும் சின்ன டிரைவ் கொடுப்பது 230 வோல்ட். மோட்டார் ஸ்டார் இணைப்பில் 415 கேட்கும். இணைப்புப் பெட்டியைத் திறந்தபோது ஆறு முனைகளும் வெளியே இருந்தன. நல்லவேளை. மூன்றுதான் இருந்திருந்தால் மோட்டாரைப் பிரித்திருக்க வேண்டும். இணைப்புத் தகடுகளை மாற்றிப் போட்டு, 230இலேயே ஓடும் டெல்டா இணைப்பாக ஆக்கினார்கள்.

ஆர்பர் டயல் கேஜில் நான்கு கோடு ஆடியது. கழற்றி, ஸ்பிண்டில் வாயை விரலால் தடவிப் பார்த்து, அரிசி அளவு பிசிரை எண்ணெய்க்கல்லால் தேய்த்தார் பெரியவர். பிறகு ஒரு கோடு.

நான்கு மணிக்கு 25 மி.மீ. ஷாஃப்ட் ஒன்றை வைஸில் பிடித்தார்கள். எட்டு மி.மீ. கட்டர், நாலு மி.மீ. ஆழம். அண்ணன் கைப்பிடியை வலப்பக்கம் சுற்றப் போனார். பெரியவர் கையைப் பிடித்தார். "கட்டர் ஓடுற திசையிலேயே குடுத்தா, நட்டுல இருக்கிற ப்ளே பூராவும் சேர்ந்து வேலையை விழுங்கிடும். எதிர்த்துக் குடு."

சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. ஷாஃப்ட்டுக்குச் சொந்தக்காரர் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். குறுக்குக் கைப்பிடியின் மேல் சிவப்புப் பெயிண்டில், ஈரம் காயாமல், 'இது மி.மீ.' என்று எழுதியிருந்தது.