நாலு விரல் பட்டு

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு உம்மாவும் நானும் சென்னைக்குப் புறப்பட்டோம். அங்கே பெரியும்மாவின் மகளுக்குக் கலியாணம். அவள் எனக்கு ராத்தா முறை. பெரியும்மா எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்து, சென்னையில் வாழ்க்கைப்பட்டவர். பெரியப்பா மௌத்தாகி நாலு வருடம் ஆகியிருந்தது. "ஆம்பிளை இல்லாத வீடு, கையுதவிக்கு நீங்களாவது வாங்க" என்று தொலைபேசியில் சொன்னபோது பெரியும்மாவின் குரல் கம்மியதை நானும் கேட்டேன். எங்கள் மூத்தம்மாவால் மட்டும் பயணம் செய்ய முடியவில்லை. "படம் எல்லாத்தையும் கொண்டு வந்து காட்டோணும்" என்று சொல்லி அனுப்பினார்.

நான் பாடசாலையில் சித்திரம் படித்தவள். நிறங்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கே கொஞ்சம் உண்டு. ராத்தாவும் அதை நம்பினாள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் உடுப்புப் பொருத்தம் பார்க்கும் வேலையை என் கையில் தந்துவிட்டாள். போன இரண்டாவது நாளே கைத்தொலைபேசியில் நாற்பது, ஐம்பது ஜோடிப் படங்களைச் சேர்த்துவிட்டேன்.

இந்தியாவில் இந்தப் பொருத்தம் பார்ப்பது பெரிய விஷயம். பெரியும்மா வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த கேரளக் குடும்பம் எனக்கு அவர்களுடைய ஓணப் படங்களைக் காட்டியது. அவர் பொன் சரிகைக் கரை போட்ட வெள்ளை முண்டு, மனைவி அதே கரையில் கசவுப் புடவை. சிரமமே இல்லாத பொருத்தம். தியாகராய நகர்க் கடைகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேட்டி, சட்டை, புடவை எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் சேர்த்துக் கட்டியே விற்கிறார்கள். வடக்கத்திக் கலியாணங்களில் மாப்பிள்ளையின் தலைப்பாகைத் துணியைப் பெண்ணின் லெஹங்காவோடு ஒட்டிப் பார்க்கிறார்கள். 2017 டிசம்பரில் இத்தாலியில் நடந்த விராட் கோலி, அனுஷ்கா சர்மா கலியாணத்துக்குப் பிறகு வெளிர் நிறங்கள்தான் எங்கும் பேச்சு. என் சேகரிப்பிலும் முதலாவதாக அந்தப் படம்தான் இருந்தது.

ராத்தாவின் சாரியை (அங்கே புடவை என்று சொல்லாவிட்டால் கடைக்காரர்கள் ஒரு கணம் யோசிக்கிறார்கள்) பெரியும்மா ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். காஞ்சிபுரம் பட்டு. உடல் மயில்கழுத்து நிறம், கரை அரக்கு. பெரியப்பா இருந்த காலத்தில் சேர்த்த காசில் எடுத்ததாம். காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து, நெய்யும்போதே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போகிறார்கள். அதற்குக் கோர்வை என்று பெயர். தறியில் ஒருவர் உட்கார்ந்தால் போதாது, மறுபக்கக் கரைக்கு நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். இதையெல்லாம் பெரியும்மா சொல்லக் கேட்டேன். சாரியைத் தொடவே பயமாக இருந்தது.

மாப்பிள்ளைக்கு ஊர் ஆம்பூர், வேலை துபாயில். கலியாணத்துக்கு இரண்டு வாரம் முந்தித்தான் வருவார். ஆகவே சௌகார்பேட்டையில் ஒரு கடையில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு ஷேர்வானியைத் தேடிப் பிடித்தேன். கடை வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒரே நிறம். பெரியும்மா நாலாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளையின் தங்கைக்குப் படம் அனுப்பினோம். கலியாணத்துக்கு முன் இருவரும் நேரே பேசிக்கொள்ளும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. எல்லாச் செய்தியும் தங்கை வழியாகத்தான்.

மறுநாள் காலை பதில் வந்தது. "அண்ணன் அதைப் போட மாட்டாராம்." அவ்வளவுதான். ஏன், எதற்கு, ஒன்றுமில்லை.

ராத்தா ஒன்றும் பேசவில்லை. ஷேர்வானியின் படத்தை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடப் போனவள் நெடுநேரமாகியும் இறங்கி வரவில்லை. நான் மேலே போனபோது சுவரைப் பார்த்து நின்றாள். "ஒரு உடுப்புக்கே இப்படிச் சொல்றவர் நாளைக்கு என்ன என்ன சொல்வாரோ" என்றாள். வாப்பா இல்லாத பிள்ளை. விசாரித்துச் சொல்ல, தட்டிக் கேட்க ஆள் இல்லை என்ற பயம் அந்த ஒரு வரியில் இருந்தது. இவ்வளவுக்கும் காரணம் நான் அனுப்பிய படம் என்பது எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

இரவு பெரியும்மா பொறுக்கமாட்டாமல் ஆம்பூருக்கு அழைத்தார். மாப்பிள்ளையின் உம்மா சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "நிறம் பிடிக்காம இல்லைங்க சம்பந்தியம்மா. அது அசல் பட்டுன்னு பில்லுலயே இருக்கே. பட்டை அவன் எப்படிப் போடுவான்?"

எனக்கு முகம் சிவந்துபோனது. ஆண்களுக்குப் பட்டும் தங்கமும் ஹராம் என்பது இஸ்லாம் பாடத்தில் நான் பல தடவை எழுதிப் புள்ளி வாங்கிய விடை. கடை வெளிச்சத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. நிறம் பார்த்தேனே தவிரத் துணியைப் பார்க்கவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று உம்மா தலையில் கைவைத்தார். சந்தைக்கு வரும் ஷேர்வானிகளில் பெரும்பாலானவை பட்டு மாதிரி மினுங்கும் செயற்கை நூல் என்பதால் யாரும் கேட்பதில்லை. நான் தேடித் தேடி அசலையே பிடித்திருக்கிறேன்.

கடையில் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்றார்கள். வேண்டுமானால் வேறு உடுப்பு எடுத்துக்கொள்ளலாமாம். குடும்பத்துச் சிறுவர்கள் ஏழு பேருக்குக் குர்தா எடுத்தோம். பருத்தியா என்று நான் மூன்று தடவை கேட்டேன். பெரியும்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை வந்து சேர்ந்த பிறகு, அவருடைய தங்கையும் நாங்களுமாகத் திருவல்லிக்கேணியில் ஒரு வயதான தையற்காரரிடம் போனோம். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெரியப்பாவின் பெருநாள் உடுப்புகளைத் தைத்தவர். ராத்தாவின் பிளவுஸ் துணியை மேசையில் விரித்ததும் அதை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "இதுக்கு எங்கேயும் ஜோடி கிடைக்காதும்மா" என்றார்.

காரணத்தையும் காட்டினார். ஓரத்தில் நூலைப் பிரித்தார். நெடுக்கே போகும் பாவு நூல் நீலம், குறுக்கே போகும் ஊடை நூல் பச்சை. இரண்டும் கலந்துதான் மயில்கழுத்து. ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறு பக்கம் பச்சை. இதற்கு ஒரே சாயத்தில் முக்கிய துணியை எப்படிப் பொருத்துவது? போதாததற்குப் பட்டு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், பருத்தி உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒரே சாயம் போட்டாலும் இரண்டும் ஒன்றாகத் தெரியாதாம். கடைக்கு உள்ளே ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் என்று அவர் சொன்னபோது, சௌகார்பேட்டையில் நான் ஒரு தடவையாவது துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

நான் என் படங்களைக் காட்டினேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோலியின் படத்தில் விரலை வைத்தார். "இதுல எங்கேம்மா ஒரே நிறம்?" உண்மைதான். பெண்ணுக்கு வெளிர் ரோஜா நிறம். அவருக்குத் தந்த நிற ஷேர்வானி. தலைப்பாகையில் மட்டும்தான் ரோஜாவின் சாயல். நூறு தடவை பார்த்த படத்தை நான் பார்த்திருக்கவில்லை.

"மஷ்ரூன்னு ஒரு துணி இருக்கு" என்று பாய் பேச்சைத் தொடர்ந்தார். குஜராத்தில் பாட்டன் பக்கம் நெய்வதாம். மேலே தெரிவது பட்டு நூல், உள்ளே உடம்பில் படுவது பருத்தி. அனுமதிக்கப்பட்டது என்ற பொருளில் அரபு மொழியிலிருந்து வந்த பெயர் அது. பட்டின் அழகும் வேண்டும், மார்க்கமும் பேண வேண்டும் என்று நினைத்தவர்களுக்காக நெய்த துணி. கலப்புத் துணியில் மத்ஹபுகளுக்கிடையே விவரங்கள் வேறுபடும். அதை உலமாக்களிடம்தான் கேட்க வேண்டும். எப்படியும் அந்த நிறத்தில் அது உடனே கிடைக்க வழியில்லை. ஆனாலும் அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அன்றிரவு நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

பிறகு பாய் தன் நாலு விரலையும் சேர்த்துப் பிளவுஸ் துணியின் ஓரத்தில் வைத்தார். "இவ்வளவு அகலம் வரைக்கும் ஆம்பிளை உடுப்பிலே பட்டுக் கரை வைக்கலாம்னு ஹதீஸ் இருக்கு. நான் ரெண்டு விரல்தான் வைப்பேன். சந்தன நிறப் பருத்தியிலே ஷேர்வானி. காலருக்கும் கை ஓரத்துக்கும் இந்தத் துணி. சரிகை படாத இடமா வெட்டிக்கிறேன். வேற எதுவும் வேணாம்."

மாப்பிள்ளையின் தங்கை வெளியே போய் அண்ணனை அழைத்தாள். அவர் ஆம்பூரில் தங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னாராம். அரை மணித்தியாலம் நாங்கள் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தோம். பதில் வந்தது. சரி என்றார்.

ஆனால் இன்னொரு சிக்கல். சாரியோடு வரும் பிளவுஸ் துணி எண்பது சென்ரிமீற்றர்தான். ராத்தா முழுக்கை பிளவுஸ் போடுபவள். முழுக்கைக்கே துணி இழுபறி. மாப்பிள்ளைக்கு வெட்டினால் ராத்தாவின் கை முழங்கையோடு நின்றுவிடும். பெரியும்மா உடனே, "வேண்டாம், வெட்ட வேண்டாம்" என்றார். அவருக்கு அது பெரியப்பாவின் காசில் வந்த துணி. கத்தரி படுவதையே அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ராத்தா துணியைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் நீலத்தையும் பச்சையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "வெட்டுங்க பாய். முழங்கைக்குக் கீழே அரக்கு நிறத்திலே வேற துணி வைச்சுக்கிறேன். கரையோட சேர்ந்துக்கும்" என்றாள். நிறத்தில் பெரிய ஆள் என்று பெயர் வாங்கிய எனக்கு அது தோன்றவே இல்லை.

பாய் சந்தன நிறத் துணியிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினார். கடுதாசி எரிகிற வாசனை வந்தது. செயற்கை நூலாக இருந்தால் உருகி மணியாகத் திரளும், பட்டாக இருந்தால் மயிர் கருகும் நாற்றம் வரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இப்போது வீட்டில் எந்த உடுப்பு வாங்கினாலும் நூல் உருவ வருகிறேன் என்று உம்மாவுக்கு என்மேல் கோபம்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளை ஆண்கள் பக்கம், ராத்தா பெண்கள் பக்கம். வலியும் சாட்சிகளும் கொண்டுதான் காரியம் முடிந்தது. இத்தனை பாடுபட்டுப் பொருத்திய இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதே ஒரு மணித்தியாலம் கழித்துத்தான். மாப்பிள்ளையைப் பெண்கள் பக்கம் அழைத்து வந்தபோது நான் முண்டியடித்து முன்னால் போனேன். சந்தன நிற ஷேர்வானி தெரிந்தது. காலர் தெரியவில்லை. யாரோ கனமான ரோஜா மாலையைப் போட்டுவிட்டிருந்தார்கள். காலர் முழுவதும் பூவுக்குள். கையோரம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அதையும் அவர் சலாம் சொல்லிச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். போட்டோக்காரர் எடுத்த அத்தனை படத்திலும் மாலைதான் இருக்கிறது.

சாப்பாடு முடிந்து காரில் ஏறும்போதுதான் அவர் மாலையைக் கழற்றினார். ராத்தா முன்பே உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து ஏறியபோது வெயில் காலரில் பட்டது. நீலம் பச்சையானது. ராத்தா தன் தோளைக் குனிந்து பார்த்தாள். அங்கேயும் அதே பச்சை. அவள் ஏதோ சொன்னாள், அவர் காலரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். கார்க் கதவு மூடிவிட்டது. போட்டோக்காரர் அப்போது பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்து மூத்தம்மாவுக்கு எல்லாப் படத்தையும் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பொருத்தம் பொருத்தம் எண்டு ஒரு மாசமா போன்ல கதைச்சீங்களே புள்ள, மாப்பிள்ளைட உடுப்புல ஒண்டையும் காணல்லியே" என்றார்.

நான் பாய் தந்த மிச்சத் துண்டைப் பையிலிருந்து எடுத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினேன்.