மழைக்கு ஒரே மனசு இருந்த வருஷம்

எங்கள் ஊரில் மேகம் கறுத்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு மனசு வந்துவிடும். கண்மாய் பெருகட்டும் என்று ஒரு மனசு கும்பிடும். நாளைக்குப் பட்டாசு ஆபீஸ் நடக்காதே என்று இன்னொரு மனசு கூலிக் கணக்குப் போடும். சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடையில் இருக்கிற ஆனைக்குட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உருட்டிய குழாய் காய வேண்டும், திரி காய வேண்டும், ஒட்டிய தீப்பெட்டிக் கூடு காய வேண்டும். வெயில் அடித்தால்தான் கையில் காசு. என் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். அர்ச்சுனா நதியில் தண்ணீர் வருகிறது என்று தெருப் பிள்ளைகளெல்லாம் ஓடும்போது, அவள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தபடி, "போதும், நில்லேன்" என்பாள். அந்தத் தண்ணீரைத்தான் மறுநாள் குடத்தில் எடுத்து வருவாள்.

சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது இந்த மண்ணில் வேர்பிடித்ததற்கு எங்கள் வறட்சி ஒரு பெரிய காரணம். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிற மழையில் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டிவிட்டுப் போகிறது. பயிர் காய்ந்த பூமியில் தீப்பெட்டி காய்ந்தது, பிறகு பட்டாசும் காய்ந்தது. அந்தத் தொழில்தான் எங்களுக்குச் சோறு போட்டது. என்னை டீச்சராக்கியதும் அதுதான். மழையைத் திட்டுகிறவர்களை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும், மழைக்கு ஒரே மனசு மட்டும் இருந்த ஒரு வருஷம் எனக்குக் கிடைத்தது. அதைத்தான் இப்போது நினைத்து நினைத்து ஏங்குகிறேன்.

நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றேன். வீட்டுக்காரர் சிவகாசி அச்சாபீஸில் இருந்த தன் பங்கைப் பிரித்துக்கொண்டார். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, இரண்டு பலகைக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தோம். நம் பக்கத்தில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் உட்காருகிற வண்டி. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவித்தது. நாமக்கல் மாவட்டத்து அருண் பிரபு அதற்கு முன்பே ஓர் ஆட்டோவின் மேல் சின்ன வீடு கட்டிக் காட்டினார். எனக்கு ஞாபகம் வந்தது அதெல்லாம் இல்லை, ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போன கூண்டு வண்டிதான். வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, பாத்திரம் பண்டம், அரிசி பருப்பு ஏற்றி, வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு கட்டிப் போவோம். அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில் மாரியம்மன் இருக்கிறாள். ஆற்று மணலில் வண்டியை அவிழ்த்துவிட்டதும் பெண்கள் செய்கிற முதல் வேலை ஊற்றுத் தோண்டுவது. கையால் பறித்தால் முழங்கை ஆழத்தில் தண்ணீர் கசியும். கலங்கலை இறைத்துவிட்டுக் காத்திருந்தால், தெளிந்து வரும் தண்ணீரில் சோறு பொங்கலாம்.

டெம்போவிலும் அதே வாழ்க்கைதான் நடந்தது. டீசலை விடத் தண்ணீர்தான் எங்கள் பயணத்தைத் தீர்மானித்தது. தொட்டி பாதிக்குக் கீழே போனால் அன்றைக்கு எந்த ஊர் என்பதைத் தண்ணீர் சொல்லும். பெட்ரோல் பங்க், தாபா, குருத்வாரா, கோயில் மண்டபம் என்று எங்கே நிறுத்தினாலும் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றித்தான். கேட்கக் கேட்க ஆட்கள் எங்களைத் தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். அப்படித்தான் அந்த வருஷத்தின் கண்டுபிடிப்புகள் எல்லாமே தண்ணீர்க் கண்டுபிடிப்புகளாக ஆகிப்போயின.

முதலில் காசர்கோடு. அங்கே வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அத்தனை பெய்தும் செம்புறைக்கல் மலையில் கோடைக்கு நிற்பதில்லை. அதனால் மலைச்சரிவில் படுக்கைவாக்காகச் சுரங்கம் குடைந்து வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள் குனிந்து போகிற அளவு. உள்ளே கல்லிலிருந்து கசிகிற நீர் தரையோடு வழிந்து, தானாகவே வெளியே தொட்டிக்கு வருகிறது. மோட்டார் கிடையாது, கயிறும் கிடையாது. தோண்டுகிறவர் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு போவாராம். சுடர் அணைந்தால் மூச்சுக்குக் காற்று இல்லை என்று திரும்பிவிடுவாராம். பட்டாசு மருந்து அறைக்குள் ஒரு பொறிகூட விழக் கூடாது என்று பயந்து வளர்ந்த நான், சுடரை நம்பி உயிரை வைக்கிற மனிதர்களை அங்கேதான் பார்த்தேன். அந்தத் தொட்டித் தண்ணீரில் காபி போட்டேன். வீட்டுக்காரர் இரண்டாவது டம்ளர் கேட்டார்.

குஜராத்தில் பாட்டன் நகரத்து ராணி கி வாவ் எல்லோரும் பார்த்ததுதான். நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தினமும் கைமாறுகிறது. பதினோராம் நூற்றாண்டில் உதயமதி என்ற அரசி கட்டிய படிக்கிணறு. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் அங்கே யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. நான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிட்டேன்.

தை பிறந்த பிறகு ராஜஸ்தானில் ஜெய்சல்மேர். வருஷ மழை 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான். மணல் என்று நினைத்துப் போன இடத்தில், பச்சைப் பசேல் என்று கொண்டைக்கடலையும் கோதுமையும் நின்றன. காரணம் ஒரு மண் கரை. சரிவான கல்லாங்காட்டில் பெய்கிற மழை முழுக்க ஓடிவந்து அந்தக் கரையில் தேங்குகிறது. மண் குடித்துத் தீர்த்த பிறகு, அந்த ஈரத்திலேயே விதைக்கிறார்கள். பிறகு ஒரு பாய்ச்சல்கூட இல்லாமல் விளைகிறது. காதீன் என்று பெயர். பாலிவால் பிராமணர்கள் பல நூறு வருஷங்களுக்கு முன்பு பெருக்கிய முறை என்கிறார்கள். எங்கள் மழையில் கால்வாசி மழை அவர்களுக்கு. கண்மாய்க்கரையில் நின்று மடையும் மறுகாலும் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தக் கரையில் நின்றபோது ஊர் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. பக்கத்து டீக்கடைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டிப் பார்த்த வீட்டுக்காரர், கீழே பொடி எழுத்தில் இருந்த 'சிவகாசி'யைத் தொட்டுக் காட்டினார். எங்களுக்கு முன்னாலேயே எங்கள் ஊர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

ஷேகாவாட்டி பக்கம் கிணற்றின் நான்கு மூலையிலும் உயரமான தூண் எழுப்பியிருக்கிறார்கள். ஒட்டகத்தில் வருகிறவன் தொலைவிலிருந்தே பார்த்து, இங்கே தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. வழிப்போக்கனுக்காக ஊர் இவ்வளவு உயரத்துக்கு எழுந்து நின்று கையசைக்குமா என்று ஆச்சரியப்பட்டேன். அதற்குப் பிறகு வண்டியில் போகும்போதெல்லாம் அந்தத் தூண்களைத்தான் என் கண் தேடியது.

கோடையை இமாச்சலத்தில் கழித்துவிட்டு, ஆடி மாதம் மறுபடி ராஜஸ்தானுக்கு இறங்கினோம். அந்த வருஷத்தில் ஒரே ஒரு நாளைத் திருப்பித் தருவதாகச் சொன்னால், நான் கேட்பது அப்போது வந்த ஒரு நாளைத்தான். சூரு மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கே குண்டு என்று ஒன்று உண்டு. வட்டமாகத் தரையை மெழுகிச் சரிவாக்கி, நடுவில் ஆழமான தொட்டி தோண்டி, மேலே குமிழ்போல மூடியிருப்பார்கள். மழை அந்த வட்டத்தில் விழுந்து, சின்னத் துவாரங்கள் வழியாகத் தொட்டிக்குள் இறங்கும். குடும்பத்துக்கு வருஷம் முழுக்கக் குடிக்க அதுதான். அந்த வீட்டுப் பெரியம்மா, மேகம் கூடுவதைப் பார்த்ததும் அந்தத் தரையைப் பெருக்க ஆரம்பித்தார். வாசல் பெருக்குவதுபோல இல்லை. சாமி அறை பெருக்குவதுபோலப் பெருக்கினார். நானும் ஒரு விளக்குமாற்றை வாங்கிக்கொண்டேன். பெருக்கி முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. ஒருவர்கூட உள்ளே ஓடவில்லை. பிள்ளைகள், மருமகள்கள், பெரியவர்கள், ஆடுகள் எல்லாம் நனைந்தபடி நின்றார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப்போய், தொட்டியின் மூடியைத் திறந்து, காதை வைக்கச் சொன்னார். உள்ளே இருட்டில் தண்ணீர் விழுகிற சத்தம்.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசிக்கொண்டிருந்தோம். "உங்கள் ஊரில் மழை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். காயப்போட்டதை எடுத்து உள்ளே வைக்க ஓடுவோம் என்றேன். "மிளகாயா?" என்றார். பட்டாசு என்று அவருக்கு எப்படிச் சொல்வது? ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, மிளகாய் நனைந்தால் நனையட்டும் என்பதுபோலக் கையை வீசினார். அந்தக் கைவீச்சு என்னோடு இன்னும் இருக்கிறது. அம்மாவுக்கு அப்படிக் கையை வீச ஒரு நாளாவது வாய்த்திருக்கக் கூடாதா என்று அன்று இரவு வண்டியில் படுத்துக்கொண்டு அழுதேன். கூரைத் தகரத்தில் மழை விடாமல் அடித்தது. நாளைக்கு வேலை உண்டா என்ற கேள்வி இல்லாமல் மழைச் சத்தம் கேட்டுத் தூங்கியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

திரும்புகிற வழியில் ஆல்வார் பக்கம் அர்வரி ஆற்றைப் பார்த்தோம். வறண்டு கிடந்த ஆறு. ராஜேந்திர சிங்கும் அவருடைய தருண் பாரத் சங் அமைப்பும் 1985இலிருந்து ஊர்க்காரர்களோடு சேர்ந்து சின்னச் சின்ன மண் அணைகள் கட்டக் கட்ட, மறுபடி ஓடத் தொடங்கியது. கரையோர ஊர்கள் சேர்ந்து 1999இல் ஆற்றுக்கென்று ஒரு நாடாளுமன்றமே கூட்டிக்கொண்டன. கரும்பு போடக் கூடாது, தண்ணீரை உறிஞ்சும் பயிர் கூடாது என்று அவர்களே விதி வகுத்தார்கள். அர்ச்சுனா நதிக்கு அப்படி ஒரு சபை கூடினால் ஆனைக்குட்டத்திலிருந்து முதல் ஆளாகப் போய் உட்காருவேன். இதை ஆசைக்காகச் சொல்லவில்லை. நடக்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

புர்ஹான்பூரில் தரைக்கு அடியில் ஒரு முகலாயக் கால்வாய். 1615இல் சாத்பூரா மலையிலிருந்து இறங்குகிற நிலத்தடி நீரை மறித்து, வரிசையாகக் கிணறுகள் தோண்டி, அடியில் ஒன்றோடொன்று இணைத்து ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். படை தங்கும் ஊர். ஆற்று நீரில் எதிரி நஞ்சு கலந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கட்டியது என்கிறார்கள். பயந்து கட்டியதாக இருந்தாலும், நானூறு வருஷம் கழித்தும் ஓடுகிறது. வீட்டுக்காரருக்கு அந்த வருஷத்திலேயே பிடித்த இடம் இதுதான். இன்றைக்கும் யாராவது வந்தால் முதலில் புர்ஹான்பூரைத்தான் சொல்வார்.

தீபாவளிக்கு முன்பு ஊர் திரும்பினோம். மாமியாருக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. பக்கத்தில் ஆள் வேண்டும். வண்டியைக் கோயம்புத்தூரில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டோம். கொடுத்ததில் வருத்தம் இல்லை. மாமியாரைப் பார்த்துக்கொள்வது என் கடமை மட்டும் இல்லை, எனக்குப் பிடித்த வேலையும்கூட. ஆனாலும் காலையில் எழுந்து குழாயைத் திருகும்போது, இன்றைக்குத் தண்ணீர் எந்த ஊரில் என்று மனசு ஒரு கணம் கேட்கிறது. யார் வீட்டு வாசலில் குடத்தோடு நிற்கப்போகிறோம், யார் "உள்ளே வாங்க" என்று கூப்பிடப்போகிறார்கள் என்ற அந்த எதிர்பார்ப்பை நான் இழந்திருக்கிறேன்.

போன மாதம் நாத்தனார் வந்து மாமியாரோடு இருந்தார். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் ஊருணிகளைப் பார்க்கப் போனேன். செருப்புக் காலோடு இறங்கக் கூடாது, மாடு குளிப்பாட்டக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று ஊர் கட்டுப்பாடு வைத்துக் காத்த குடிநீர்க் குளங்கள். தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசித் தண்ணீரைத் தெளிய வைக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ராஜஸ்தான் வரை போய்ப் பார்த்ததற்குச் சமமான ஒன்று, எங்களிடமிருந்து ஒரு காலைப்பொழுது பயண தூரத்தில். ஊருணிக்கரையில் ஒரு பாட்டி, "இருட்டினதுக்கப்புறம் வந்து பாருத்தா, ஊர்ச்சனம் பூராவும் இங்கதான் தண்ணி எடுக்கும், பேச்சுச் சத்தமாக் கெடக்கும்" என்றார். இருந்து பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. கடைசி பஸ் ஆறரைக்கு. வண்டி இருந்திருந்தால் அந்தக் கரையிலேயே வேப்பமரத்தடியில் நிறுத்தி, அடுப்பைப் பற்றவைத்திருப்பேன். பாட்டி எனக்கும் ஒரு குடம் எடுத்துத் தந்திருப்பார்.