கேட்காவில் ஒரு தாயின் வீடு



சென்னையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ மும்பைக்குத் திரும்பும் ரயிலில் நீங்கள் பலமுறை பயணம் செய்திருப்பீர்கள். சோலாப்பூரைக் கடந்து, தவுண்டு சந்திப்பை விட்டு, வண்டி புனேயை நோக்கி விரையும்போது, கரும்பு வயல்களின் நடுவே ஒரு சிறிய நிலையம் தோன்றி மறையும். அதன் பெயர் கேட்காவ். தொலைதூர வண்டிகளில் பல அங்கே நிற்பதில்லை. பெட்டிகளை இறக்கவும், உறங்கும் பிள்ளைகளை எழுப்பவும் ஆயத்தமாகும் நீங்கள் அதைக் கவனித்திருக்கவும் மாட்டீர்கள். ஆயினும் அனுதின வேலையில் பெலன் தேடுகிற ஒவ்வொரு தாயும் ஒருமுறையேனும் இறங்கிப் பார்க்கவேண்டிய ஊர் அது.

புனேக்கும் தவுண்டுக்கும் இடையே ஓடும் உள்ளூர் ரயில்கள் கேட்காவில் நிற்கும். புனேயிலிருந்து சுமார் 50–60 கி.மீ. தூரம். அங்கேதான் பண்டித ரமாபாய் நிறுவிய முக்தி மிஷன் இருக்கிறது. முக்தி என்றால் இரட்சிப்பு, விடுதலை. ஆதரவற்ற பெண்களும் பிள்ளைகளும் பார்வையற்றோரும் இன்றும் அங்கே அடைக்கலம் பெறுகிறார்கள். அது காட்சிக்கூடமன்று, பலர் வாழும் வீடு. ஆகையால் முன்கூட்டியே அனுமதி பெற்றுச் செல்லுவது நலம்.

விடியற்காலைப் பாடம்

ரமாபாய் 1858-ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தாய் லட்சுமிபாய் தம் கணவரிடம் சமஸ்கிருதம் கற்றவர். பகல் முழுவதும் வீட்டுவேலை அந்தத் தாயை அழுத்தியது. ஆகவே பொழுது விடியுமுன் தம் சிறுமகளை அன்பு மொழிகளால் எழுப்பி, பறவைகள் கூவத் தொடங்கும் வேளையில் பாடம் சொல்லிக்கொடுத்தார். சகோதரியே, நகரத்தின் ஒற்றை அறை வீட்டில் தண்ணீர் வருமுன் எழுந்து, குடங்களை வரிசையில் வைத்து, பிள்ளையின் மதிய உணவை டப்பாவில் அடைக்கிற உமக்கு அந்த வேளை நன்றாய்த் தெரியும். மிச்சமாய்க் கிடைத்த அந்தச் சிறிய நேரத்தில் விதைக்கப்பட்டதுதான் பின்னாளில் ஒரு தேசமே "பண்டிதை" என்று அழைத்த மகளாய் வளர்ந்தது.

1870-களின் பஞ்சத்தில், அன்றைய சென்னை மாகாணத்தில் அலைந்த காலத்தில், ரமாபாய் பெற்றோரை இழந்தார். 1882-இல் கணவரும் காலமானார். அப்பொழுது அவருடைய ஒரே மகள் மனோரமாவுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. தாய்வீடும் இல்லை, கணவனும் இல்லை. கையில் ஒரு குழந்தை மட்டுமே. அந்த நிலையில் இங்கிலாந்து சென்ற அவர், 1883-இல் ஞானஸ்நானம் பெற்றார். 1889-இல் மும்பையில் விதவைகளுக்காக சாரதா சதனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது புனேக்கு மாற்றப்பட்டது.

ஒருத்தியால் ஆகாத வேலை

1896–97-இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியபோது, பசியால் எலும்பும் தோலுமாய்க் கிடந்த சிறுமிகளை ரமாபாய் தேடிச்சென்று அழைத்து வந்தார். அவர்களுக்கு கேட்காவ் நிலம் வீடாயிற்று. 1900-இல் குஜராத் பஞ்சத்திலிருந்தும் பலர் வந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேராய்ப் பெருகினார்கள்.

இத்தனை பேருக்கும் ஒரு பெண் எப்படித் தாயாக முடியும்? அவர் தனியே சுமக்கவில்லை என்பதே பதில். முன்பே வந்திருந்த மூத்த பெண்கள் புதிதாய் வந்த சிறுமிகளைப் பொறுப்பேற்று, குளிப்பாட்டி, ஊட்டி, எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நேற்றுவரை அநாதையாயிருந்தவள் இன்று வேறொரு பிள்ளைக்கு அக்காவானாள்.

நம்மில் அநேகருடைய வேதனை இங்கேதான் இருக்கிறது. பிரசவத்திற்கு ஊரிலிருந்து வந்த அம்மா திரும்பிப் போய்விட்டார். கணவருக்கு இரவு ஷிப்ட். பக்கத்து வீட்டாரின் மொழி புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லாரும் வெற்றியின் சாட்சி சொல்லும்போது, "என்னால் முடியவில்லை" என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. சகோதரியே, அதை ஒரு சகோதரியிடமாவது சொல்லுங்கள். மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் ஊரும் தாங்கினார்கள். அது அவனுக்கு அவமானமாய் எண்ணப்படவில்லை. பிரசவத்திற்குப் பின் வந்த இருள் வாரக்கணக்கில் நீங்காதிருந்தால், ஜெபத்தோடு மருத்துவரிடமும் செல்லுங்கள். அது அவிசுவாசமன்று.

அக்கினியும் அடுப்பும்

பெந்தெகொஸ்தே விசுவாசிகளான நமக்குக் கேட்காவ் இன்னொரு காரணத்தினாலும் அருமையானது. 1905-இன் தொடக்கத்தில் ரமாபாய் விசேஷ ஜெபத்திற்கு அழைத்தார். ஏறத்தாழ 550 பெண்கள் தினமும் இருவேளை கூடி எழுப்புதலுக்காக மன்றாடினார்கள். ஜூன் மாத இறுதியில் ஆவியானவரின் அசைவாட்டம் வல்லமையாய் வெளிப்பட்டது. ஒரு பெண்ணின்மேல் அக்கினி கண்டதாக எண்ணி, மற்றொருத்தி தண்ணீர் வாளியெடுக்க ஓடினாள் என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். அசூசா தெரு எழுப்புதல் 1906-இல் தொடங்கியது என்பதை நினைத்துப்பாருங்கள்.

இந்த அக்கினி யார்மேல் இறங்கிற்று? பஞ்சத்தில் பிழைத்தவர்கள், இளம் விதவைகள், மாவு அரைக்கவும் நூல் நெய்யவும் கற்றுக்கொண்டிருந்த பெண்கள்மேல். மறுநாளும் 2,000 வயிறுகள் பசித்தன; மறுநாளும் அடுப்பு எரியவேண்டியிருந்தது. ஆவியின் பெலன் சமையலறையைவிட்டு ஓடிப்போவதற்கு அல்ல, அதற்குள் நிற்பதற்கே அருளப்பட்டது. வனாந்தரத்தில் மன்னாவும் அன்றன்றைக்கு மட்டுமே பெய்தது. நாளைய பெலன் இன்று கையில் இல்லையே என்று கலங்கவேண்டாம்.

கண்ணீரும் கடமையும்

முக்தியின் ஊழியத்தில் தாயின் வலதுகரமாயிருந்த மனோரமா 1921-இல் மரித்தார். ஆயிரம் பிள்ளைகளுக்குத் தாயானவர் தம் ஒரே பிள்ளையை இழந்தார். விசுவாசம் அவரைத் துக்கத்திற்கு விலக்கவில்லை, துக்கத்தில் தாங்கிற்று. எளிய மக்களுக்கும் புரியும் மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்க்க எபிரெயமும் கிரேக்கமும் கற்றிருந்த அவர், அந்த வேலையைக் கைவிடவில்லை. 1922 ஏப்ரல் 5-ஆம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முழு வேதாகமம் 1924-இல் வெளிவந்தது.

அடுத்தமுறை அந்த வழியே செல்லும்போது, தவுண்டு கடந்ததும் ஜன்னலோரம் பிள்ளையை அமர்த்தி அந்த ஊரைக் காட்டுங்கள். விடியுமுன் எழுப்பிய ஒரு தாயின் கதையைச் சொல்லுங்கள். பிள்ளையின் சத்தத்தைக் கேட்டு, ஆகாரின் கண்களைத் திறந்து, அருகிலேயே இருந்த துரவைக் காண்பித்த தேவன் இன்று உம்மையும் காண்கிறார். உம் கைகளின் பிரயாசத்தை அவர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.