சாப்பிட மறுத்த சாரை

கோவையில் ஒரு கால்நடை கிளினிக்கில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி, பூனைக்குப் பூச்சி மருந்து என்று வருபவர்களுக்குப் பில் போடுவேன். எப்போதாவது வனத்துறைக்காரர்கள் அடிபட்ட மயிலையோ உடும்பையோ டாக்டரிடம் கொண்டுவந்து விடுவார்கள். அன்றைக்கு மட்டும் ஆள் பற்றாக்குறையால் கணக்குப்பிள்ளையே கம்பவுண்டராகிவிடுவாள்.

ஒரு கார்த்திகை மாதம் அப்படித்தான் சாக்குப்பையில் ஒரு சாரைப்பாம்பு வந்தது. பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. எலியைத் துரத்திப் போனதோ என்னவோ, வேலிக்குக் கட்டியிருந்த நைலான் வலைக்குள் தலையை விட்டுவிட்டது. செதில் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் பாம்பு வலைக்குள் முன்னால் போக முடியும், பின்னால் வர முடியாது. இழுக்க இழுக்க நூல் தோலை அறுக்கும். மூன்று இடங்களில் வெட்டு, எட்டுத் தையல். ஆறடி நீளம், எடை 940 கிராம். முதல் நாள் நோட்டில் நான்தான் எழுதினேன்.

"தோல் உரிக்கிற வரைக்கும் இங்கேதான் இருக்கணும். அஞ்சாறு வாரம் ஆகும்" என்றார் டாக்டர். "காயம் ஆறணும்னா அது சாப்பிடணும். அதைப் பார்த்துக்கம்மா."

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். எலி தின்னும் பாம்பு. எலியை வைத்தால் தின்னப்போகிறது!

நாலாம் நாள் ஒரு செத்த வெள்ளெலியைத் தட்டில் வைத்தேன். காலையில் வந்து பார்த்தால் எலியைச் சுற்றி எறும்பு, பாம்பு மூலையில். ஆறாம் நாள் இன்னும் புத்திசாலித்தனமாக, உயிருள்ள எலியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பயந்துபோன பாம்பு எலியைத் தொடவில்லை. எலிக்குப் பயமே இல்லை. ராத்திரி முழுக்க பாம்பின் முதுகைக் கடித்து வைத்திருந்தது. ஏற்கெனவே மூன்று காயம், இப்போது நாலாவதும் சேர்ந்துகொண்டது. காரணம் நான். டாக்டர் திட்டவில்லை. மருந்து போட்டுவிட்டு, "இனிமே உயிரோட எதையும் உள்ள விடாதே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் அம்மாயியிடம் சொன்னேன். அவருக்கு 80 வயதுக்கு மேல். "பாலும் முட்டையும் வெச்சுப் பாரு கண்ணு. புத்துக்கு வெக்கறது அது குடிக்கத்தானே?" என்றார். அம்மாயியோடு எதற்கு வழக்கு? ஆனால் பாம்புக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. பால் கொடுத்து வளர்ப்பவை பாலூட்டிகள். பாம்பின் குடலுக்குப் பாலைச் செரிக்கும் வசதி கிடையாது. நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் போட்டால், தாகத்தில் எதை வைத்தாலும் குடிக்கும். பாம்பாட்டிகள் காட்டும் வித்தையில் நாம் பார்ப்பது அதைத்தான்.

ஒன்பதாம் நாள் எடை 905. எனக்குத் தாங்கவில்லை. டாக்டரை நச்சரித்தேன். "ட்யூப் வெச்சு ஏதாவது உள்ள விடலாமே சார்?" அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. கடைசியில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, முட்டைக் கரைசலைக் கொஞ்சம் செலுத்தினோம். சாரைக்கு விஷம் கிடையாது. ஆனால் கழுத்தைப் புடைத்துக்கொண்டு ஒரு மாதிரி உறுமும். அந்த உறுமலோடு அது உடம்பை முறுக்கிய முறுக்கில் ஒரு தையல் விட்டுப்போனது. மறுநாள் காலை கொடுத்த அத்தனையையும் கக்கியிருந்தது. கக்கினால் பாம்புக்கு இரட்டை நஷ்டம். உணவும் போகும், உடம்பில் இருந்த நீரும் செரிமான அமிலமும் சேர்ந்து போகும்.

அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை. 'பாம்புக்காகவா?' என்று கேட்காதீர்கள். நான் செய்த வேலைக்காக.

பன்னிரண்டாம் நாள், தன் வளர்ப்பு நாய்க்கு மருந்து வாங்க ஒரு பெரியவர் வந்தார். உயிரியல் பூங்கா ஒன்றில் பல வருஷம் பாம்புக் கூண்டு பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சுவாக்கில் சொன்னேன். "எங்க வெச்சிருக்கீங் அம்மிணி, காட்டுங்" என்றார்.

கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பாம்பைப் பார்த்தார். அப்புறம் பாம்பை விட்டுவிட்டு அறையைப் பார்க்க ஆரம்பித்தார். சுவரில் கையை வைத்தார். "இதென்னங், அதிருது?"

பக்கத்துக் கட்டடம் இட்லி மாவுக் கடை. கோயமுத்தூரில் கிரைண்டர் சத்தம் நமக்குக் காதில் விழுவதே இல்லை, பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். நாலைந்து பெரிய கிரைண்டர்கள் மத்தியானம் தொடங்கி ராத்திரி வரை ஓடும். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. ஆனால் தரையில் வரும் அதிர்வைத் தாடை எலும்பு வழியாகவும் உடம்பாலும் உணர்ந்துகொள்ளும். காட்டில் தரை அதிர்ந்தால், ஏதோ பெரிய பிராணி பக்கத்தில் வருகிறது என்று அதற்கு அர்த்தம். பன்னிரண்டு நாளாக ஒரு யானைக்கூட்டம் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டே இருந்திருக்கிறது!

போதாததற்கு நாலு பக்கமும் கண்ணாடி. நானே ஒரு நாளைக்கு இருபது தடவை எட்டிப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அது மூக்கைக் கண்ணாடியில் மோதியிருந்தது. மூக்கு நுனியில் செதில் தேய்ந்து சிவந்திருப்பதைப் பெரியவர் காட்டிய பிறகுதான் கவனித்தேன். சின்ன வயதில் வ.உ.சி. பூங்காவில் சுருண்டு கிடந்த மலைப்பாம்பைப் பார்த்து, அசையமாட்டேன் என்கிறதே என்று தட்டிய கை இது. 1965-ல் தொடங்கிய அந்த உயிரியல் பூங்காவின் அங்கீகாரம் 2022-ல் போய்விட்டது. அந்தத் தட்டல் மட்டும் அன்றைக்கு ஞாபகத்துக்கு வந்தது.

"அது வீம்புக்குத் திங்காம இல்லீங். பயந்து கெடக்குது. வாய் நெறய எலிய வெச்சுக்கிட்டு ஓட முடியுங்ளா? எதிரி இல்லைன்னு தெரிஞ்சாத்தான் வாயத் தொறக்கும். ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கமே எட்டிப் பாக்காதீங்" என்றார்.

அவர் சொன்னபடி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினோம். மாவுக் கடைக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஸ்டோர் ரூம். மரப்பெட்டி, காற்றுக்கு மட்டும் துளை. உள்ளே உதடு உடைந்த ஒரு மண்பானையைப் படுக்கவைத்தோம். ஒரு ஓரத்தில் மட்டும் சூடு கிடைக்க, பெட்டிக்கு வெளியே 40 வாட் பல்பு. கார்த்திகைக் குளிரில் பாம்பின் உடம்பும் குளிர்ந்துவிடும். உடம்பில் சூடு இல்லையென்றால் விழுங்கிய இரை செரிக்காமல் உள்ளேயே அழுகும். அது தெரிந்தே பாம்பு குளிரில் சாப்பிடாது. சூடான ஓரம், குளிர்ந்த ஓரம் இரண்டும் இருந்தால் வேண்டிய இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பானையைப் பார்த்ததும் எனக்கு வடநெம்மேலி ஞாபகம் வந்தது. மாமல்லபுரம் போகும் வழியில், முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து வந்து, விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அங்கே பாம்புகள் இருப்பது மண்பானைக்குள், வாயில் துணி கட்டி. குடும்பத்தோடு போயிருந்தபோது, "ஐயோ பாவம், இருட்டில்" என்று நான் சொன்னேன். பாம்புக்கு அந்த இருட்டுதான் நிம்மதி.

அடுத்த ஒரு வாரம்தான் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் மாற்ற மட்டும் உள்ளே போவேன். பானையைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போவேன், பார்க்காமல் வருவேன். வீட்டுக்கு வருபவரை நாலு தடவை 'சாப்பிடுங்க, சாப்பிடுங்க' என்று சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவள் நான்.

பெரியவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஆனைமலை, வால்பாறைப் பக்கம் இருக்கும் ராஜநாகத்துக்கு முக்கிய உணவே மற்ற பாம்புகள்தான். சாரை என்றால் விருப்பம். பூங்காவில் தினம் பாம்புக்கு எங்கே போவது? அதனால் செத்த எலிமேல் பாம்பின் வாடையைத் தேய்த்துக் கொடுத்துப் பழக்குவார்களாம். பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது வாசனையைத்தான். நாக்கில் ஒட்டுவதை மேல்வாயில் இருக்கும் ஒரு உறுப்பு சோதித்துச் சொல்லும், இது சாப்பாடா இல்லையா என்று. கூண்டில் வளர்ந்த வெள்ளெலி, காட்டுச் சாரைக்குச் சாப்பாடு மாதிரியே மணக்காது.

இது வாய்க்கால் ஓரத்துப் பாம்பு. மழைக்காலத்தில் தவளையைத்தான் அதிகம் தின்றிருக்கும். இருபதாம் நாள் மழை விட்ட சாயங்காலம், ரோட்டில் வண்டி ஏறிச் செத்துக் கிடந்த தவளை ஒன்றைக் காகிதத்தில் எடுத்து வந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா, "என்னங் அது, கருவாடா?" என்று கேட்டார். தலையாட்டி வைத்தேன்.

செத்த எலியை வெந்நீரில் காட்டி, துடைத்து, தவளையை அதன்மேல் நன்றாகத் தேய்த்து, பானை வாசலில் வைத்தேன். விளக்கை அணைத்தேன். கதவைச் சாத்தினேன். வீட்டுக்குப் போனேன்.

காலையில் தட்டில் எலி இல்லை. எறும்பும் இல்லை. பெட்டிக்குள் தேடினேன், எங்கும் இல்லை. பானைக்குள் டார்ச் அடித்துப் பார்க்க ஆசையாக இருந்தது. அடிக்கவில்லை. இரை எடுத்த பாம்பைத் தொந்தரவு செய்தால் கக்கிவிடும் என்று இந்தத் தடவை தெரிந்திருந்தது. அஞ்சு நாள் கழித்து அது எச்சம் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். ஒரு கணக்குப்பிள்ளை அதற்கெல்லாம் அவ்வளவு சந்தோஷப்பட்டு அவர் பார்த்ததில்லையாம்.

அடுத்த எலிக்குத் தவளை வாடை கொஞ்சம் போதுமானதாக இருந்தது. அதற்கடுத்ததற்குத் தேவையே இல்லை. பிறகு திடீரென்று மறுபடியும் சாப்பிடவில்லை. கண் வேறு பால் மாதிரி வெளுத்துவிட்டது. குருடாகிவிட்டதா என்று பதறினேன். தோல் உரிக்கப் போகிறதாம். அந்தச் சமயம் பாம்பு சாப்பிடாது. ஒரு வாரத்தில் முழுச் சட்டையும் கழன்றது. அடியில் காயம் வெறும் கோடாக இருந்தது. எடை 985.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பாம்பு வைத்துப் பார்க்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சாரையைக்கூட வைத்திருக்கக் கூடாது. பாம்பு வலையில் சிக்கியிருந்தால் வனத்துறைக்கோ, 101-ல் தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். நீங்களே இழுத்து எடுக்காதீர்கள்.

பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விட வேண்டும் என்பதால் வனத்துறைக்காரர்களோடு பல்லடம் போனோம். பண்ணைக்காரர் மறுப்பார் என்று நினைத்தேன். "இங்கயே உடுங். தீவன மூட்டையெல்லாம் எலி ஓட்ட போடுது" என்றார். நைலான் வலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தகரம் அடித்திருந்தார்.

சாக்கைப் பிரித்ததும் நாக்கை இரண்டு தடவை நீட்டியது. அப்புறம் வாய்க்கால் மேட்டுப் பக்கம் போனது. ஆறடிப் பாம்பு அத்தனை வேகமாகப் போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பெட்டிக்குள் அது அப்படி ஒரு தடவைகூட ஊர்ந்ததில்லை.

வண்டி ஏறப் போனோம். பண்ணைக்காரரின் வீட்டம்மா வாசலில் நின்றார்.

"சோறு ஆயிருச்சுங் அம்மிணி. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்."

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.