கிடையோரத்தில் ஓர் இரவு

மாசி, வெள்ளிக்கிழமை. அயனம்பாக்கம்.

கூடியம் குகைகளை அடுத்த காட்டில் என் நாய்கள் இரண்டையும் உடன் வைத்துக்கொண்டு ஓர் இரவு தங்க வேண்டும் என்று நெடுநாளாகக் கொண்டிருந்த அபிலாஷையை இன்று மனப்பூர்வமாகக் கைவிட்டேன். அமெரிக்காவின் தேசிய வனங்களில், கட்டணமோ குழாயோ கழிப்பறையோ இல்லாத வெற்றிடத்தில் கூடாரம் அடித்து நாயோடு தங்குவதற்குப் பல இடங்களில் 14 நாள் வரை அனுமதி உண்டு. நம் ராஜ்யத்திலோ, 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி, காப்புக் காட்டினுள் அனுமதியின்றிக் காலெடுத்து வைப்பதே குற்றம். இதைக் கொடுமை என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அவர்கள் கட்சி அல்ல. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி வெளியில் சுமார் 1,000 சிங்கங்கள், அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு, டிஸ்டெம்பர் என்னும் நாய்களின் வியாதியால் மாண்டன; சுற்றுக் கிராமங்களின் நாய்களிடமிருந்தே அது பரவியிருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் கருதினர். 2018-இல் நம் கிர் வனத்திலும் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோது அதே கிருமி அங்கே காணப்பட்டது. நம் பக்கத்தில் சிங்கம் இல்லைதான். ஆனால் நரி உண்டு, அது நாயின் குலத்தைச் சேர்ந்தது, நாய்க்கு வரும் வியாதி அதற்கும் வரும். என் சந்தோஷத்திற்காக அதன் வாசலில் வியாதியைக் கொண்டுபோய் வைக்க எனக்கு என்ன அதிகாரம்?

சனிக்கிழமை இரவு. பூண்டிக்கு அருகே.

காட்டை விட்டாலும் வெட்டவெளியை விடவில்லை. 1944-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டி முடித்த நீர்த்தேக்கத்தைத் தாண்டி, சம்பா அறுவடை முடிந்த வயல் ஒன்றில் ஆட்டுக்கிடை போட்டிருக்கும் பெரியவர் ஒருவர், பழக்கத்தின் காரணமாக, வரப்போரத்துப் பனையடியில் படுத்துக்கொள்ளச் சம்மதித்தார். கூடாரம் இல்லை, ஒரு பாய், ஒரு கம்பளி, ஒரு குடம் தண்ணீர். "நாய்ங்கள மொதல்ல கட்டிடுங்கய்யா, நம்ம நாய் புதுசா வந்தத உடாது" என்றார். கட்டினேன்.

மந்தை பெரும்பாலும் சென்னைச் சிவப்பு என்னும் இந்தப் பிரதேசத்துச் செம்மறிகள். பொழுது சாய்ந்ததும் அவற்றை வலைக்குள் அடைத்து, குட்டிகளை மூங்கில் கூடைகளால் கவிழ்த்து மூடி, கழியை ஊன்றிப் பெரியவர் ஒரு சுற்று நடந்து வந்தார். ராத்திரி முழுவதும் ஆடுகள் அங்கே இடும் புழுக்கையும் மூத்திரமும் அந்தத் துண்டு நிலத்துக்கு உரம். நாளை வலையைப் பெயர்த்து அடுத்த துண்டில் ஊன்றுவார். இப்படி வயல் முழுவதும் ஆனபின் நிலத்துக்காரர் கூலி கொடுப்பார். வயல்வெளியில் நாயோடு இரவு தங்குவதைப் பொழுதுபோக்காக அன்றி ஜீவனமாகவே கொண்ட மக்கள் நம்மிடையே காலங்காலமாக இருந்துவருகிறார்கள் என்பதை, மேல்நாட்டு முகாம்களைப் பற்றிப் படித்து வியக்கும் நாம் நினைத்துப் பார்க்கிறோமா?

கிடையின் நாய்கள் மூன்று. அவை வலைக்குள் படுப்பதில்லை. வெளியே, ஒன்றையொன்று காணாத தூரத்தில், தத்தம் மூலையைத் தாமே தேர்ந்து, முன்னங்கால்களின்மேல் மோவாயை வைத்துக் கிடக்கின்றன. சாம்பல் நிறத்துக் கிழ நாயின் காது ஒன்று பாதி கிழிந்திருக்கிறது. நடுச்சாமத்தில் ஏரிப்பக்கமிருந்து நரி ஊளையிட்டபோது அது எழவில்லை. அந்தப் பாதிக் காதை மட்டும் திருப்பிற்று. சற்றுப் பொறுத்து, எனக்கு ஒன்றுமே கேட்காத வேளையில், சட்டென்று எழுந்து மேற்கு வரப்பை நோக்கி ஓடிற்று. மற்றவை இடத்தை விட்டு அசையாமல் குரல் மட்டும் கொடுத்தன. என் நாய்களோ கயிற்றை முறுக்கிக்கொண்டு நடுங்கின. பிறகு என் கம்பளிக்குள் நுழைந்துகொண்டன. அவற்றின் உடற்சூடு இந்த மாசிப் பனிக்கு எவ்வளவு இதமாயிருந்தது!

இங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான் அத்திரம்பாக்கம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த அந்த மண்ணில் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஆதிமனிதர் வாழ்ந்தனர் என்று பிற்கால ஆராய்ச்சி கண்டது. நாய் மனிதனோடு வந்து சேர்ந்ததோ நேற்றைய சங்கதி. 15,000 ஆண்டுகளுக்குச் சற்று முன்பின் இருக்கலாம். அத்தனை யுகங்கள் இதே இருளில், தமக்காகக் காது கொடுக்கும் ஒரு பிராணியும் இன்றி, அவர்கள் எப்படித்தான் உறங்கினார்களோ!

ஞாயிற்றுக்கிழமை காலை.

விடிந்ததும் பெரியவர் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார். நாய்களுக்கும் அதே கூழ்தான். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டதுண்டா என்று கேட்டேன். "வருசம் பூரா ஊர் ஊரா நடக்கறமே, எங்கய்யா போடறது?" என்றார். நியாயமான கேள்வி. கிடை நகர நகர, ஊர் மாறும், ஆஸ்பத்திரி மாறும், கால்நடையாகச் செல்பவரைத் தேடி ஊசி வருவதில்லை. காட்டோரத்து வயல்களில் ராத்திரி முழுவதும் நரியை எதிர்த்து நிற்கும் நாய்களுக்கு, வீட்டு முற்றத்தில் உறங்கும் என் நாய்களைவிட அது நூறு பங்கு அவசியம். இன்னும் பத்து நாள் இந்த வயல்களில்தான் இருப்பாராம். திருவள்ளூர் கால்நடை மருத்துவமனையில் விசாரித்து, மூன்றையும் என் செலவில் வண்டியில் ஏற்றிப் போவதென்று பேசிக்கொண்டோம். கிழ நாய் வண்டியேறாது என்கிறார்; மருத்துவரை இங்கேயே அழைத்து வர முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.