நயினாதீவுக் கல்லும் சேதுக் காசும்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலங் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தால், அப்பால் நயினாதீவுக்கு வள்ளமே துணை. நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர் பலர். ஆங்குள்ள கல்லெழுத்தை நின்று நோக்குவோர் மிகச் சிலர். நாம் அதன் பொருட்டே சென்றோம்.

பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பொறிப்பித்த ஆணை அது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டார் காக்கப்படல் வேண்டும். யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கலமாயின் சரிபாதி என்பது அதன் சாரம். குதிரைக்காரனுக்கு மட்டும் ஏன் இச்சலுகை என்று வினவ வேண்டியதில்லை. படை வைத்திருப்பவனுக்குக் குதிரையின் அருமை தெரியும்! சிங்கள வேந்தன் இதனைத் தமிழிலேயே எழுதுவித்தான். வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

அவ்வேந்தனின் செப்புக் காசிலோ எழுத்து நாகரி. ஒருபுறம் நின்ற உருவம். மறுபுறம் அமர்ந்த உருவமும் அவன் பெயரும். இவ்வமைப்பு இராசராச சோழன் காசிலிருந்து வந்தது.

உரோமப் பேரரசின்கீழ் வாழ்ந்த கிரேக்க நகரங்கள் இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருகின்றன. பொன் நாணயம் பேரரசுக்கே உரியது. சில்லறைச் செப்புக் காசை நகரங்கள் தாமே அடித்துக்கொண்டன. எபேசு நகரத்துக் காசின் ஒருபுறம் உரோமச் சக்கரவர்த்தியின் தலை. மறுபுறமோ அந்நகரத் தெய்வமாகிய ஆர்த்தெமிசு. சுற்றிலும் கிரேக்க எழுத்தில் ‘எபேசியருடையது’ என்ற வாசகம். வரி உரோமுக்கு, தெய்வமும் மொழியும் தமக்கு! கி.பி. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது.

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் எவர்க்கும் நகரத்தாராய் அடங்கியவர் அல்லர், தனியரசர். ஆயினும் அவர்தம் செப்புக் காசின் ஒருபுறத்தில் அதே நின்ற உருவம் இருக்கிறது. மக்கள் கைப்பழகிய வடிவத்தை மாற்றினால் சந்தையில் யார் வாங்குவர்? மறுபுறத்தைத் தமதாக்கினர்: படுத்த நந்தி, மேலே பிறை, கீழே ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல். புளியிட்டுத் துலக்கியே அச்சொல்லை அழித்துவிடுவோரும் நம்மிடையே உண்டு.

இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று முன்னர்க் கருதினோர் உளர். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல் எழுதிய கட்டுரையில் இவற்றை யாழ்ப்பாண வேந்தர்க்கு உரியனவாக நிறுவினார். காசில் அரசன் பெயர் இல்லை. ஆதலால் இன்ன அரசன் அடித்தது என்று பிரித்துரைத்தல் எளிதன்று. ஆயினும், கேகாலைப் பகுதியிற் கிடைத்த கோட்டகமக் கல்வெட்டு ஓர் ஆரியவேந்தனின் வெற்றியைத் தமிழிற் பாடுகிறது. அதன் தொடக்கச் சொல்லும் ‘சேது’ என்பதே.